கேள்வி-பதில்: சேப்பாக்கம் முதல் கிண்டி வரை

கே: சென்னைப் பல்கலைக்கழகத்துக்குள் பெண்கள் முதலில் நுழைந்தது எந்த வாசல் வழியாக?
- ஒரு வாசகி, தி.நகர்

ப: ஆஸ்பத்திரி வாசல்! பல்கலைக்கழகம் பிறந்தது 1857. சென்னை மருத்துவக் கல்லூரி 1875-ல் நான்கு பெண்களைச் சேர்த்துக்கொண்டது. அவர்களில் ஒருவர் மேரி ஷார்லிப். லண்டன் பல்கலைக்கழகமே 1878-ல்தான் பெண்களுக்குப் பட்டம் தர இசைந்தது. கல்கத்தா மருத்துவக் கல்லூரியில் இடம் கிடைக்காத அபலா தாஸ், 1882-ல் படிக்க வந்ததும் இங்கேதான். பின்னாளில் ஜகதீஷ் சந்திர போஸை மணந்தவர் அவர்.

கே: குயின் மேரிஸ் கல்லூரிக்குக் கடற்கரையில் எப்படி இடம் கிடைத்தது?
- ஒரு முன்னாள் மாணவி, மயிலாப்பூர்

ப: அங்கே இருந்த கேப்பர் ஹவுஸ் ஓட்டல்தான் 1914-ல் கல்லூரி ஆனது. டோரதி டி லா ஹே முதல்வர், மாணவிகள் 37 பேர். தாவரவியல் மேதை ஜானகி அம்மாள் அங்கே படித்தவர். 2003-ல் அந்த இடத்தில் தலைமைச் செயலகம் கட்டப்போவதாக அரசு சொன்னபோது, மாணவிகள் வளாகத்தைவிட்டு நகர மறுத்தார்கள். செயலகம் வரவில்லை, கல்லூரி இருக்கிறது. அந்த மாணவிகளுக்கு இந்த நகரம் நன்றி சொல்ல வேண்டும்.

கே: பட்டம் வாங்கிய பெண்களால் ஊருக்கு என்ன லாபம்?
- ஒரு வாசகர், அடையாறு

ப: உங்கள் பேட்டையிலேயே பதில் இருக்கிறது. 1912-ல் மருத்துவப் பட்டம் பெற்ற முத்துலட்சுமி ரெட்டி, தங்கையைப் புற்றுநோய்க்குப் பறிகொடுத்தவர். அவர் விடாமல் போராடியதில் 1954-ல் எழுந்ததுதான் அடையாறு கேன்சர் இன்ஸ்டிடியூட். மயிலாப்பூரில் பிறந்து, சிறுமியாக இருக்கும்போதே கணவனை இழந்த சகோதரி சுப்பலட்சுமி 1911-ல் பிரசிடென்சியில் பி.ஏ. முடித்தார். பிறகு ஐஸ் ஹவுஸில் இளம் விதவைகளைத் தங்கவைத்துப் படிக்கவைத்தார். இருவரும் தாங்கள் பெற்ற படிப்பை இன்னொருத்திக்குக் கதவாகத் திறந்துவிட்டார்கள்.

கே: கிண்டி இன்ஜினீயரிங் கல்லூரியின் முதல் மாணவி யார்?
- ஒரு மாணவி, கோட்டூர்புரம்

ப: அ. லலிதா. பதினெட்டு வயதில் கணவரை இழந்தபோது கையில் நாலு மாதக் குழந்தை. அப்பா சுப்பாராவ் அதே கல்லூரியில் மின்பொறியியல் பேராசிரியர். 1940-ல் மகளைச் சேர்த்தார். கல்லூரியில் எல்லோரும் அன்பாக இருந்தாலும், விடுதியில் லலிதா தனியாள். பெண்களுக்கும் இடம் உண்டு என்று அறிவிக்கும்படி அப்பா மேலிடத்தை வற்புறுத்த, கேரளத்திலிருந்து லீலாம்மா ஜார்ஜும் பி.கே. திரேசியாவும் வந்து சேர்ந்தார்கள். எனக்கு இதில் பிடித்தது அந்த அப்பாதான். மகளுக்கு ஒரு ஸீட் வாங்கியதோடு அவர் நிற்கவில்லை, தோழிகளையும் வரவழைத்தார்.

சான்றிதழ்கள் ஆண்களை மனத்தில் வைத்தே அச்சாகியிருந்தன. அச்சடித்ததை அடித்துவிட்டுக் கையால் திருத்தித்தான் கொடுத்தார்கள். கல்கத்தாவில் ஏ.இ.ஐ. நிறுவனத்தில் வேலை பார்த்த லலிதா, பக்ரா நங்கல் அணைக்கான மின்தடங்களை வடிவமைப்பதில் பங்கேற்றார். 1964-ல் நியூயார்க்கில் நடந்த முதல் சர்வதேசப் பெண் பொறியாளர், விஞ்ஞானிகள் மாநாட்டுக்கும் போனார்.

கே: பல்கலைக்கழகத்தின் மேல் உங்களுக்குக் கோபமே கிடையாதா?
- ஒரு வாசகர், மந்தைவெளி

ப: உண்டு. பெயர் அன்னா மணி. பிரசிடென்சியில் இயற்பியல் ஆனர்ஸ் முடித்து, பெங்களூரில் சி.வி. ராமனிடம் ஆய்வு செய்தவர். வைரமும் மாணிக்கமும் ஒளியை எப்படி வாங்கி எப்படி உமிழ்கின்றன என்று இரவு பகலாகப் பார்த்தார். தனி ஆளாக ஐந்து கட்டுரைகள் வெளியிட்டார். 1945-ல் ஆய்வேட்டைச் சென்னைப் பல்கலைக்கழகத்திடம் கொடுத்தால், எம்.எஸ்சி. இல்லை என்று முனைவர் பட்டத்தை மறுத்துவிட்டார்கள். ஆய்வில் குறை சொல்லவில்லை, சட்டத்தைக் காட்டினார்கள். அந்த அம்மையார் பிறகு இந்திய வானிலைத் துறையின் துணைத் தலைமை இயக்குநர் வரை உயர்ந்தார். வானிலைக் கருவிகளை இந்தியாவிலேயே தயாரிக்க வழிசெய்தார். 2001-ல் காலமானார். அவர் பெயரில் அந்தப் பட்டத்தை எந்த ஆண்டு வழங்கினாலும், கடைசி வரிசையில் நின்று கைதட்ட நான் வருவேன்.

கே: மகள் சிவில் இன்ஜினீயரிங்தான் வேண்டும் என்கிறாள். வெயிலில், சைட்டில் பெண்பிள்ளை நிற்பதாவது என்கிறார் என் மாமியார். என்ன சொல்வது?
- ஒரு தாய், நந்தனம்

ப: மேலே சொன்ன திரேசியா படித்தது சிவில்தான். 1971-ல் கேரளப் பொதுப்பணித் துறையின் தலைமைப் பொறியாளர் ஆனார் என்று மாமியாரிடம் சொல்லுங்கள். கவுன்சலிங்கில் முதல் சாய்ஸாகக் கிண்டியைப் போடுங்கள்.