படம் வரையும் பிள்ளையின் அப்பா

படம் வரையும் பிள்ளையின் அப்பா தமிழ்நாட்டின் எல்லா ஊர்களிலும் காணப்படுபவர். ஆனால் வருடம் முழுக்க இவரை மற்ற அப்பாக்களிலிருந்து பிரித்தறிய முடியாது. மே மாதம் பிளஸ் டூ முடிவு வெளியான அன்றுதான் அடையாளம் தெரியும். 600-க்கு 370 வாங்கிய மகனைப் பற்றி மைத்துனரிடம் போனில், “ஏதோ பாஸ் பண்ணிட்டான் மச்சான். நல்லா படம் வரைவான்” என்று சம்பந்தமில்லாத இரண்டு செய்திகளை ஒட்டிச் சொல்பவர் இவரே.

அந்தத் திறமை முந்தின நாள் இரவு வரை வீட்டில் இல்லை. இருந்ததெல்லாம் கிறுக்கல். கணக்கு நோட்டின் பின்பக்கம் கிறுக்கினான், சுவரில் கிறுக்கினான், கேஸ் புத்தகத்தில் கிறுக்கினான். வகுப்பில் பாதிப் பேருடைய உயிரியல் ரெக்கார்டு நோட்டில் இருக்கும் செம்பருத்திப் பூவும் மனித இதயமும் மகனுடைய கைவண்ணம் என்று தெரியவந்தபோது, “அவங்கல்லாம் மார்க் வாங்கிட்டாங்க, நீ என்ன வாங்கினே?” என்று கேட்டார். கேள்வி நியாயமானதுதான்.

கல்லூரி தேடுவதில் இவருக்கு அளவுகோல் ஒன்றே. கல்யாண வரவேற்பில் மொய்க் கவரோடு வரிசையில் நிற்கும்போது, “பையன் என்ன பண்றான்?” என்று யாராவது கேட்டால் ஒரே மூச்சில் சொல்லி முடிக்க வேண்டும்; இரண்டாவது கேள்வி வரக் கூடாது. “பி.இ. கம்ப்யூட்டர் சயின்ஸ்” என்றால் கேட்டவர் தலையாட்டிவிட்டுப் பந்திக்குப் போய்விடுவார். “பி.எஃப்.ஏ.” என்றால் போக மாட்டார்.

ஆகவே பொறியியலில்தான் தொடங்குவார். கணிதத்துக்கு 100, இயற்பியலுக்கும் வேதியியலுக்கும் தலா 50 என்று 200-க்குக் கணக்கிடும் கட் ஆஃப் மகனுக்கு நூற்றுச் சொச்சத்தில் வந்து நிற்கும். அதற்கும் சீட் தரும் கல்லூரிகள் உண்டு. அவர்களே போன் செய்து, பஸ் வீட்டு வாசலுக்கு வரும் என்பதையும் சொல்வார்கள். இந்தக் கட்டத்தில் அப்பாக்களில் பலர் கரையேறிவிடுகிறார்கள். அவர்களுடைய பிள்ளைகள் நான்கு வருடமும் கல்லூரி விழாக்களுக்கு மேடை அலங்காரம் செய்து, அரியர் வைத்து வெளியே வருவார்கள். இனிச் சொல்லப்படுவது எஞ்சியவரைப் பற்றி.

எஞ்சியவருக்கு மைத்துனர் ஆர்க்கிடெக்சரைச் சொல்வார். “அதுவும் படம்தானே மாப்ளே?” படம்தான், ஆனால் அதற்குப் பிளஸ் டூவில் இயற்பியலும் கணிதமும் வேண்டும், நாட்டா தேர்வு எழுத வேண்டும், ஐந்து வருடம் படிக்க வேண்டும். மகன் எந்தக் கணிதத்திடமிருந்து தப்பிக்கப் படம் வரைந்தானோ அதே கணிதம் இங்கேயும் வாசலில் உட்கார்ந்திருக்கும்.

அடுத்து, அகமதாபாத்தில் 1961-ல் தொடங்கிய தேசிய வடிவமைப்பு நிறுவனம், தரமணியில் கிளை வைத்திருக்கும் ஆடை வடிவமைப்பு நிறுவனமான நிஃப்ட். இரண்டிலும் பிளஸ் டூ மதிப்பெண்ணைவிட நுழைவுத் தேர்வுதான் பெரிது. இவருடைய மகனுக்கென்றே செய்து வைத்தது போன்ற ஏற்பாடு. விண்ணப்பமும் முதல்கட்டத் தேர்வும் குளிர்காலத்திலேயே முடிந்துவிடும் என்பது மே மாதம்தான் இவருக்குத் தெரியவரும். டிசம்பரில் இவர் மகனுடைய பென்சில் பெட்டியைப் பிடுங்கிப் பீரோவில் பூட்டி வைத்திருந்தார்.

கலை அறிவியல் கல்லூரியில் விஸ்காம் உண்டு. கேமரா வாங்கித் தர வேண்டியிருக்கும் என்றதும் அந்தப் பேச்சு தள்ளிவைக்கப்படும். மாமல்லபுரம் சிற்பக் கல்லூரியைக் குலத்தொழில்காரர்களுக்கு மட்டும் உரியது என்று இவராகவே முடிவு செய்துவிடுவார்.

விவரம் தெரிந்த ஒரே ஆள் பள்ளியின் டிராயிங் மாஸ்டர். அவரிடம் கடைசியாகத்தான் போவார். பகுதிநேர ஓவிய ஆசிரியர்கள் பணி நிரந்தரம் கேட்டுப் போராடும் செய்தியைப் பேப்பரில் பார்க்கும்போதெல்லாம் மகனிடம் எடுத்துக் காட்டியவர் இவர். அதனால் மாஸ்டர் முன்னால் கொஞ்சம் கூச்சம். மாஸ்டர் அதையெல்லாம் மனதில் வைத்துக்கொள்வதில்லை. “எக்மோர்ல கவின்கலைக் கல்லூரி இருக்கு சார். கவர்ன்மென்ட். பீஸ் கம்மி. வரையச் சொல்லிப் பார்த்துத்தான் எடுப்பாங்க. தினம் நாலு மணி நேரம் பையனை உட்கார்த்தி வைங்க” என்பார். இத்தனை நாள் ஓட்டத்தில் உருப்படியான யோசனை இது ஒன்றுதான். அப்பா காதில் விழுவது “கவர்ன்மென்ட்”.

அந்தக் கல்லூரியை 1850-ல் அலெக்சாண்டர் ஹன்ட்டர் என்ற மருத்துவர் தொடங்கினார். செனட் ஹவுஸைக் கட்டிய சிஷோம் இதற்குத் தலைமை வகித்திருக்கிறார். மெரினாவின் உழைப்பாளர் சிலையைச் செய்த தேவிபிரசாத் ராய் சௌத்ரி இதன் முதல் இந்திய முதல்வர். அவருக்குப் பின் வந்த கே.சி.எஸ். பணிக்கர் 1966-ல் சோழமண்டலம் ஓவியர் கிராமத்தை உருவாக்கினார். விண்ணப்பம் வாங்க வந்து நிற்கும் அப்பாவுக்கு இவற்றில் எதுவும் உதவாது. மரத்தடியில் தாடி வைத்த ஒரு மாணவன், தரையில் கிடக்கும் பழைய செருப்பு ஒன்றை முக்கால் மணி நேரமாக வரைந்துகொண்டிருப்பதைத்தான் அவர் பார்ப்பார். பக்கத்தில் தலையில்லாத சிமென்ட் உருவம் ஒன்று. அது முடியவில்லையா, முடிந்ததே அப்படித்தானா என்று கேட்கவும் பயமாக இருக்கும். “இங்க படிச்சா என்ன ஸ்கோப்?” என்று எதிர்ப்பட்ட ஊழியரிடம் கேட்பார். வருகிற அப்பாக்களையெல்லாம் பார்த்துப் பழகியவர் அவர்.

“சிவகுமார் சார் இங்கதான் படிச்சாரு.”

“எந்த சிவகுமார்?”

“சூர்யா அப்பா.”

அப்பாவின் முதுகு நிமிரும். திரும்பி வரும் ரயிலில் செங்கல்பட்டுக்குள் மைத்துனருக்கு மூன்று முறை போன் போய்விடும்.

செய்முறைத் தேர்வுக்கு முந்தைய வாரங்களில் வீட்டில் டிவி போடக் கூடாது. பென்சில் பெட்டி பீரோவிலிருந்து விடுதலையாகும். “நிழல் சரியா விழலையே” என்று குடத்துப் படத்தைக் கையில் வாங்கி இவர் திருத்தம் சொல்வார். மகன் பதில் பேசாமல் அழிரப்பரை எடுத்து, இவர் போனதும் கீழே வைப்பான்.

சீட் கிடைத்துவிட்டால் பிரிவு எது என்பதில்தான் கடைசிச் சண்டை. மகன் ஓவியம் கேட்பான், அல்லது சுடுமண். அப்பா விஷுவல் கம்யூனிகேஷன் டிசைனில் நிற்பார். பெரும்பாலும் அவரே ஜெயிப்பார். ஆவணியில் முதல் முகூர்த்தம். வரவேற்பு வரிசையில் கேள்வி வரும். “விஷுவல் கம்யூனிகேஷன் டிசைன், மெட்ராஸ்ல, கவர்ன்மென்ட் காலேஜ்” என்று ஒரே மூச்சில் சொல்லிவிடுவார். கேட்டவர் அதை ஏதோ கம்ப்யூட்டர் படிப்பு என்று எடுத்துக்கொண்டு, “நல்ல ஸ்கோப்” என்று தலையாட்டிவிட்டுப் பந்திக்கு நடப்பார். அப்பா திருத்துவதில்லை.