ஸ்பேர் மாமா

ஸ்பேர் மாமாவைக் கேட்காமல் எங்கள் பக்கத்தில் யாரும் லோடு வண்டி எடுப்பதில்லை. கேட்டவர்களும் எடுப்பதில்லை.

உங்கள் ஊரில் அவருக்கு வேறு பெயர் இருக்கும். ஒட்டன்சத்திரத்தில் மாமா. மடித்துக் கட்டிய வேட்டி, சட்டைப் பையில் மூக்குக்கண்ணாடியும் டயரில் காற்றுப் பார்க்கும் கேஜும். சொந்தமாக ஓட்டுவது டிவிஎஸ் எக்ஸெல். எந்த பிக்கப்புக்கும் ஒரு மாசம்கூட டியூ கட்டியவர் இல்லை. ஆனால் நம்மாள் வண்டியா, ஜப்பான்காரன் வண்டியா என்று வாயைத் திறந்துவிட்டால் போதும், அன்றிலிருந்து காலைக் காபிக்கு ஒரு டம்ளர் சேர்த்து வைக்க வேண்டியதுதான்.

என் தம்பி கேட்டுவிட்டான். மார்க்கெட்டிலிருந்து பழனி, உடுமலை, பொள்ளாச்சி வழியாகப் பாலக்காட்டுக்குத் தக்காளி அனுப்புகிறவன். குட்டியானையை வாடகைக்குப் பிடித்துக் கட்டுப்படியாகவில்லை, சொந்தமாக ஒரு பிக்கப் எடுத்துவிடலாம் என்று நினைத்தான். நினைத்ததோடு நிறுத்தாமல், "நம்பி எடுக்கிற மாதிரி ஒண்ணு சொல்லுங்க மாமா" என்றான்.

"நீ எதை எடுக்கலாம்னு இருக்கே மாப்ளே?"

பதில் சொல்லவே கூடாத கேள்வி இது. நீங்கள் எந்த வண்டியின் பெயரைச் சொன்னாலும் அந்தக் கணமே மாமா எதிர்க்கட்சி வக்கீலாகிவிடுவார்.

"இசுசு டி-மேக்ஸ் பார்த்தேன் மாமா."

"நல்ல வண்டி." ஒரு வாய் காபி உள்ளே போனது. "நடுராத்திரி ரெண்டு மணி. மடத்துக்குளம் தாண்டி நின்னுபோச்சு. பின்னாடி ரெண்டு டன் தக்காளி. எவன்டா அந்நேரத்துக்குக் கடை திறந்து ஸ்பேர் குடுப்பான்? பொலிரோன்னா பொட்டிக்கடையில கேட்டாக்கூடக் கிளட்ச் பிளேட் எடுத்துத் தருவான்."

தம்பி யோசித்தான். நியாயமாகத்தான் பட்டது. சில நாள் கழித்து, "பொலிரோ பிக்கப்பே எடுத்துடறேன் மாமா" என்றான்.

"எடு. நானா வேண்டாங்கறேன்?" இன்னொரு வாய். "நடுராத்திரி ரெண்டு மணி. மடத்துக்குளம் தாண்டிப் போறே. ஜப்பான்காரன் வண்டின்னு வெச்சுக்க, நிக்கவே நிக்காது. நிக்காத வண்டிக்கு எதுக்குடா ஸ்பேரு?"

எந்த வண்டியானாலும் மாமா அதை இரவு இரண்டு மணிக்கு மடத்துக்குளம் தாண்டிக் கொண்டுபோய் நிறுத்திவிட்டுத்தான் பேச்சையே தொடங்குவார். ஒரு தடவை என் மனைவி கிரைண்டர் வாங்க யோசனை கேட்டாள். அதுவும் ராத்திரி ரெண்டு மணிக்குத்தான் நின்றது. நல்லவேளை, எங்கள் சமையலறையிலேயே.

விஷயம் தெரியாத ஆள் என்று ஒதுக்கவும் முடியாது. சரித்திரம் முழுக்க விரல் நுனியில் இருக்கிறது. உள்நாட்டு வண்டிக்குக் கட்சி கட்டும் நாளில், "எண்பதுகள்ல ஜப்பான்காரன் நாலு கூட்டாளியோட வந்தானே. டிசிஎம் டொயோட்டா, ஆல்வின் நிசான், ஸ்வராஜ் மாஸ்டா, ஐச்சர் மிட்சுபிஷி. 1986ல டாடாக்காரன் 407ஐ இறக்கினான். இன்னிக்கு 407 ஓடுது. ஆல்வின் நிசான் எங்கே, காட்டு பார்ப்போம்" என்பார். உண்மைதான். வெளிநாட்டுக் கட்சிக்குத் தாவிய மறுநாள், "எதை நம்ம வண்டிங்கறே? மஹிந்திரா 1947ல வில்லிஸ் ஜீப்பைப் பூட்டித்தானே ஆரம்பிச்சான். ஓசூர்ல செய்யற தோஸ்த், 2011ல லேலண்டும் நிசானும் சேர்ந்து இறக்கினது. எல்லாம் அவன் மூளைடா" என்பார். அதுவும் உண்மைதான்.

தம்பி சளைத்துப் போய், "அப்ப ஜப்பான் வண்டியே எடுத்துடறேன்" என்றால், "டி-மேக்ஸ் ஜப்பான்னு உனக்கு யார் சொன்னது? கும்மிடிப்பூண்டி தாண்டி ஸ்ரீசிட்டியில 2016லிருந்து செய்யறான். அது ஆந்திரா வண்டி." போதாததற்கு, ஸ்வராஜ் மாஸ்டா எஸ்எம்எல் இசுசு என்று பெயர் மாறி, 2025ல் மஹிந்திரா கைக்குப் போனதாகப் பேப்பரில் வந்ததிலிருந்து மாமாவைக் கையில் பிடிக்க முடியவில்லை. "இப்ப அது உள்நாடா, வெளிநாடா? சொல்லு" என்று டீக்கடையில் ஒவ்வொருத்தராக மடக்கினார். பதில் சொல்ல ஆள் இல்லை. என்னிடமும் பதில் இல்லை.

டீக்கடை அவருக்குச் சாட்சிக் கூண்டும்கூட. மார்க்கெட்டிலிருந்து வெளியே வரும் பிக்கப்பைக் கை காட்டி நிறுத்துவார். "தம்பி, என்ன மைலேஜ் குடுக்குது?" டிரைவர் பதினாலு என்றால் மாமா கணக்கில் அது பதினொன்று. டிரைவர் சொன்னால் மூன்று கழிக்க வேண்டும், ஓனர் சொன்னால் இரண்டு, ஷோரூம்காரன் சொன்னால் பாதி. வண்டியைக் குறை சொல்லும் டிரைவரிடம் மட்டும் எதையும் கழிப்பதில்லை. அவருக்கு டீயும் வடையும் உண்டு. காசு தம்பி கணக்கில்.

ஷோரூமுக்கும் வந்தார். டை கட்டிய பையன் விலைப் பட்டியலை எடுப்பதற்குள் பானெட்டைத் தூக்கச் சொன்னார். இன்ஜினை ஸ்டார்ட் பண்ணச் சொல்லி, ஆயில் மூடியைத் திறந்து உள்ளங்கையை மேலே வைத்துக் கண்ணை மூடிக்கொண்டார். பேக் கம்ப்ரஷன் அடிக்கிறதா என்று பார்க்கிறாராம். கையை எடுத்து மோந்து பார்த்தார். பிறகு தம்பியையும் மோந்து பார்க்கச் சொன்னார்.

"சார், இது புது வண்டி சார். மீட்டரைப் பாருங்க, பதினோரு கிலோமீட்டர்தான் ஓடியிருக்கு."

"அந்தப் பதினோரு கிலோமீட்டர் யாரு ஓட்டினது?"

பையனுக்குத் தெரியவில்லை. "பார்த்தியா" என்று மாமா வெளியே நடந்துவிட்டார்.

இதுவரை சிரித்தாயிற்று. எனக்கு எரிச்சல் வருவது இதற்கு மேல்தான். மாமா யோசித்துக்கொண்டிருந்த மாதங்களில் தம்பி வாடகை கொடுத்துக்கொண்டிருந்தான். வாடகை வண்டி வராத நாளில் தக்காளிப் பெட்டி மண்டியிலேயே கிடந்து தண்ணி விட்டது. ஃபைனான்ஸ்காரர் சொல்லியிருந்த வட்டியும் வண்டி விலையும் அதற்குள் ஏறிவிட்டன. எந்த வண்டி நிற்கும், எது நிற்காது என்பது மாமாவுக்குக் காபியோடு போகிற பேச்சு. டியூ கட்டுகிறவனுக்கு அது ஒரு நாள் கூலி, பாலக்காட்டுக் கமிஷன் கடைக்காரரிடம் பேர் கெட்டுப்போகிற விஷயம். 1.7 டன் பாஸிங் வண்டியில் மூன்று டன் ஏற்றினால் அது எந்த நாட்டு வண்டியானாலும் படுக்கத்தான் செய்யும். அதைப் பற்றி மட்டும் மாமா வாயே திறப்பதில்லை. எப்படித் திறப்பார்? எக்ஸ்ட்ரா பட்டை போட்டு ஓவர்லோடு அடி என்று ஊருக்கெல்லாம் யோசனை சொல்கிறவரே அவர்தானே.

கடைசியில் மாமா ஒரு கல்யாணத்துக்குத் திருச்செந்தூர் போன சமயம் பார்த்துத் தம்பி வண்டியை எடுத்துவிட்டான். எந்த வண்டி என்று இங்கே எழுதமாட்டேன். எழுதினால் மாமா அதற்கு எதிர்க்கட்சியாகிவிடுவார். பூஜை போடும் நேரத்துக்கு எப்படியோ வந்து சேர்ந்தார். எலுமிச்சம்பழம் நசுங்கி, தேங்காய் சிதறி, எல்லோரும் கற்பூரத்தைக் கண்ணில் ஒற்றிக்கொள்ளும்போது கேஜை எடுத்து நாலு டயரிலும் காற்றுப் பார்த்தார். ஸ்டெப்னியையும் விடவில்லை.

வண்டி ஒரு நாள் நின்றது. நடுராத்திரியிலும் இல்லை, மடத்துக்குளத்திலும் இல்லை. பட்டப்பகல் பதினோரு மணிக்கு, உடுமலை டவுனுக்குள், ஒரு ஸ்பேர் பார்ட்ஸ் கடைக்கு நேர் எதிரே. ஃபேன் பெல்ட் அறுந்திருந்தது. கடையில் அந்த பெல்ட் இல்லை, கோயம்புத்தூரிலிருந்து சாயங்காலம் வரும் என்றார்கள். தம்பி வேறு வழியில்லாமல் மாமாவுக்கு போன் போட்டான்.

அறுபது கிலோமீட்டருக்கு மேல், உச்சி வெயிலில், எக்ஸெல்லிலேயே வந்து சேர்ந்தார். ஹேண்டில்பாரில் மஞ்சப்பை. அதற்குள் அந்த வண்டிக்கே உரிய பெல்ட், டீசல் ஃபில்டர், இரண்டு ஹெட்லைட் பல்பு. பூஜை போட்ட வாரமே தன் கைக்காசில் வாங்கி, அன்றிலிருந்து எக்ஸெல்லிலேயே வைத்துச் சுற்றிக்கொண்டிருந்திருக்கிறார். யாரிடமும் சொல்லவில்லை. அவரே வண்டிக்கடியில் படுத்து, மெக்கானிக்குக்குக் கைவிளக்குப் பிடித்தார். வெளியே வந்தபோது சட்டை முழுக்கக் கிரீஸ். முகத்தில் ஒரே ஒரு வருத்தம்தான். இவ்வளவு வெளிச்சத்திலா நிற்க வேண்டும்?

அந்த வருத்தத்தைக் கடைக்காரர் மேல் காட்டினார். "ஏனுங்க, இத்தனை பெரிய கடையில ஒரு பெல்ட் வெச்சிருக்க மாட்டீங்களா?"

"இந்த வண்டிக்கு யாருமே வந்து கேக்கறதில்லீங்க. அறுந்தாத்தானே வருவாங்க?"

மாமா ஒரு நிமிஷம் பேசவில்லை. பிறகு தம்பி பக்கம் திரும்பினார்.

"கேட்டுக்கிட்டியா மாப்ளே? இதுக்குத்தான் இந்த வண்டியை எடுன்னு அன்னிக்கே தலையால அடிச்சுக்கிட்டேன்."

பெல்ட் காசும், போக வர பெட்ரோல் காசும் வாங்கிக்கொண்டு எக்ஸெல்லை மிதித்தார்.