சித்தப்பாவின் பல்பும் பத்து மெகா ஓமும்

உப்பு லாரிக்கு வயரிங் பார்த்தவன் விமானத்துக்கும் பார்ப்பான் என்பது என் சித்தப்பாவின் கொள்கை. விமானம் எதுவும் அவர் கடைக்கு வரவில்லை. அந்தக் கொள்கை கடைசிவரை தோற்காமல் இருந்ததற்கு அதுவே காரணம். வந்தவை எல்லாம் மரக்காணம் உப்பளத்திலிருந்து திண்டிவனம் போகும் லாரிகள். அதற்கும் முந்தைய காலத்தில் அந்த உப்பு பக்கிங்ஹாம் கால்வாயில் படகேறி மெட்ராஸ் போனது. படகுக்கு வயரிங் கிடையாது. படகு போய் லாரி வந்ததால்தான் எங்கள் வீட்டில் அடுப்பெரிந்தது.

சித்தப்பாவின் மொத்த ஆய்வுக்கூடமும் ஒரு டால்டா டப்பாவில் அடங்கும். ஒரு கத்தி, உப்புத்தாள், கறுப்பு டேப், பிறகு அந்த டெஸ்ட் லேம்ப். பெரிய பொருள் ஒன்றுமில்லை: ஒரு இண்டிகேட்டர் பல்பு, ஹோல்டர், இரண்டு வயர். ஒரு முனையைப் பாடியில் மாட்டுவார், மறுமுனையால் ஒவ்வொரு டெர்மினலாகத் தொட்டுக்கொண்டே போவார். பல்பு பளிச்சென்று எரிந்தால் தலையாட்டுவார். சோர்ந்து எரிந்தால் "இங்க தின்னுதுடா" என்பார். எதைத் தின்கிறது, யார் தின்பது என்றெல்லாம் கேட்கக் கூடாது. கேட்டால் டீ வாங்கிவர அனுப்பிவிடுவார்.

ஃபியூஸ் போன வண்டிக்குச் சிகரெட் பெட்டிக்குள் இருக்கும் வெள்ளித்தாளைச் சுற்றிப் போட்டு அனுப்புவதும் அதே கடையில்தான். அந்த ஃபியூஸ் திரும்பப் போனதாக யாரும் வந்து சொன்னதில்லை. லாரி போயிற்றா என்பதை நாங்கள் விசாரித்ததில்லை.

இப்போது இடையஞ்சாவடியில் பட்டறை என்னுடையது. ஆரோவில் பக்கம் என்பதால் பத்து மொழியில் ஹாரன் ரிப்பேர் கேட்கிறார்கள். உதவிக்கு ஒரு தம்பி இருக்கிறான். டிப்ளமா படித்தவன், கையில் ஸ்கேனர். வண்டியின் வயிற்றில் அதைச் செருகினால் நோயின் பெயர் திரையில் வரும். பெயர் வந்ததும் அந்தப் பாகத்தை மாற்றுவான். நோய் போகவில்லை என்றால் அடுத்த பாகம். கடைக்கு நல்ல வருமானம் என்பதால் நான் குறுக்கிடுவதில்லை.

அப்படிப்பட்ட பட்டறைக்கு ஒரு நாள் டிரக்கின் மேலேறி வந்தது, கூரையில்லாத இரண்டு சீட்டு சிவப்பு டிரையம்ஃப் ஸ்பிட்ஃபயர். 1962-லிருந்து 1980 வரை இங்கிலாந்தில் செய்த வண்டி. நம் ஊருக்குச் சொந்தம் இல்லாததும் இல்லை. இத்தாலிய வடிவமைப்பாளர் ஜொவான்னி மிக்கெலோட்டி முதலில் வரைந்தது ஹெரால்டு. அதன் சேஸிலிருந்து பிறந்த தம்பிதான் ஸ்பிட்ஃபயர். அந்த ஹெரால்டு 1961-லிருந்து 1971 வரை நம் வண்டலூர்ப் பக்கமே தயாரானது. அண்ணன் மெட்ராஸில் டாக்டர் வீட்டு வாசலில் நின்றான், தம்பி ஸ்போர்ட்ஸ் காராகிவிட்டான். மின்சாமான் இரண்டுக்கும் லூகாஸ். அந்தக் கம்பெனியைத் தொடங்கிய ஜோசப் லூகாஸை 'இருட்டின் இளவரசர்' என்று பிரிட்டிஷ்காரர்களே கிண்டல் செய்வார்கள். நம்மிடமோ 1961-லேயே மெட்ராஸை அடுத்த பாடியில் லூகாஸ்-டி.வி.எஸ். வந்துவிட்டது, நாம் கும்பிட்டு வாங்கிக்கொண்டோம்.

வண்டிக்காரர் ஈ.சி.ஆரில் உப்பளத்தைப் பார்த்தபடி வார இறுதி வீடு கட்டியிருப்பவர். காட்சி அழகுதான். ஆனால் சாதாரண உப்பு, காற்றின் ஈரப்பதம் ஏறக்குறைய 75 சதவீதத்தைத் தாண்டினால் தானாகவே தண்ணீரை உறிஞ்சிக் கசிய ஆரம்பிக்கும். நம் கடலோரத்தில் பெரும்பாலான இரவுகளில் அந்த அளவு தாண்டும். ஆக, ஓலைக் கொட்டகையில் சும்மா நிற்கும் கார் தினமும் ராத்திரி உப்புத் தண்ணீரில் குளித்துக்கொண்டிருக்கிறது. போதாததற்கு 2024 நவம்பர் 30 இரவு ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி அருகே கரையேறியபோது சக்கரம் முழுகத் தண்ணீர்.

"மேஸ்திரி, புது பேட்டரி போட்டாச்சு. ஃபியூஸ் எல்லாம் நல்லாத்தான் இருக்கு. லைட்டு போட்டா மங்கலா எரியுது, கருகின வாசனை வருது" என்றார்.

தம்பி டேஷ்போர்டுக்கு அடியில் தலையை விட்டு ஸ்கேனருக்கு இடம் தேடினான். "அண்ணா, சாக்கெட்டே இல்ல" என்று வந்தான். வண்டியில் கம்ப்யூட்டரே இல்லை என்றேன். 'அப்புறம் எப்படிங்கண்ணா ஓடுது?' என்று அவன் வாய்விட்டுக் கேட்கவில்லை, முகத்தில் இருந்தது.

ஃபியூஸ் நன்றாக இருந்ததில் ஆச்சரியமில்லை. திறந்தால் வெள்ளித்தாள். எந்த ஊர் சித்தப்பாவோ. ஆனால் நிஜ ஃபியூஸ் இருந்திருந்தாலும் பயனில்லை, ஏனென்றால் அந்தக் காலத்து லூகாஸ் வயரிங்கில் ஹெட்லைட் சர்க்யூட் ஃபியூஸ் வழியாகப் போகாது. ராத்திரி நடுரோட்டில் ஃபியூஸ் போய் லைட் அணைவதைவிட வயர் சூடாவது மேல் என்று நினைத்தார்கள். பிரவுன் வயர் பேட்டரியிலிருந்து நேரே வரும், நீலம் ஹெட்லைட்டுக்கு, கறுப்பு எர்த். பச்சை மட்டும்தான் சுவிட்சுக்கும் ஃபியூஸுக்கும் கட்டுப்பட்ட பிள்ளை.

மீட்டர் வைத்துப் பார்த்தான் தம்பி. ஹெட்லைட் பிளக்கைக் கழற்றி அளந்தால் 12.6 வோல்ட். கன்டின்யூட்டி வைத்தால் 'பீப்'. "வயர் நல்லா இருக்குண்ணா" என்றான். மீட்டர் சத்தியம் செய்தால் யார் நம்பாமல் இருப்பார்கள்? டிஜிட்டல் மீட்டரின் உள்தடை பத்து மெகா ஓம். அது வயரிடம் கரண்ட் கேட்பதே இல்லை. ஒரே ஒரு இழை பிழைத்திருந்தாலும் முழு வோல்ட்டைக் காட்டிவிடும். டால்டா டப்பாவை எடுத்தேன். அதே இடத்தில் சித்தப்பாவின் இருபத்தோரு வாட் பல்பு அழுதுகொண்டே எரிந்தது. அது கிட்டத்தட்ட இரண்டு ஆம்பியர் கேட்கிறது, வயரால் கொடுக்க முடியவில்லை.

டேஷ் அடியில் டேப்பைப் பிரித்தோம். பசை உருகி விரலில் ஒட்டியது. நீல வயரின் உறை சுவிட்சுக்குப் பக்கத்தில் பழுப்பாகி, வளைத்தால் பொடிந்தது. முன்பக்கம் புல்லட் கனெக்டரைக் கழற்றினால் பச்சைக் களிம்பு. வயரை வெட்டினால் செம்பு கறுப்பு. இன்னும் மேலே வெட்டினேன், கறுப்பு. உப்புத் தண்ணீர் இழைகளுக்கு நடுவே ஏறிக்கொண்டே போகும், உறை வெளியில் பளபளவென்று இருக்கும். கறுத்த செம்பில் ஈயம் பிடிக்காது என்பதால் மினுங்கும் செம்பு வரும்வரை வெட்டித்தான் ஆகவேண்டும். இதற்கிடையில் யாரோ ஒரு மகான் வீட்டு வயரிங்கில் போடும் மஞ்சள் ஒற்றைக் கம்பியை முறுக்கி டேப் சுற்றியிருந்தார். பல்பு 100/90 ஹாலஜன். எண்பதுகளில் அதைப் போடாதவன் ஆம்பளையில்லை.

கணக்கு இதுதான். பழைய 60 வாட் பல்பு இரண்டு என்றால் பத்து ஆம்பியர். அழுகிய இணைப்பின் தடை 0.1 ஓம் என்று வைத்தால், அந்த ஒரே புள்ளியில் பத்து வாட் சூடு. நூறு வாட் பல்பு இரண்டு போட்டால் கரண்ட் ஏறக்குறைய பதினேழு ஆம்பியர், சூடு இருபத்தெட்டு வாட். என் பட்டறையில் ஈயம் பற்றவைக்கும் இரும்பே இருபத்தைந்து வாட்தான். டேப் சுற்றி மறைத்த மூட்டுக்குள் ஒரு சால்டரிங் இரும்பை எரியவிட்டு, வண்டிக்காரர் நிலா வெளிச்சத்தில் சவாரி போயிருக்கிறார். பேட்டரிப் பக்கம் யாராவது பெரிய ஃபியூஸ் வைத்திருந்தாலும் அது வாயைத் திறந்திருக்காது. ஃபியூஸ் அதிகக் கரண்டுக்குத்தான் அறும். களிம்பேறிய மூட்டு கரண்டைக் குறைத்துக்கொண்டே எரியும்.

ஆக, அன்றைய கைச்சாமர்த்தியம் வைத்த தீயை அன்றைய பல்பு கண்டுபிடித்தது. இன்றைய கருவிக்கு அதில் எந்தப் பங்கும் இல்லை என்று தம்பியிடம் சொல்ல ஆசைதான். சொல்லவில்லை, ஏனென்றால் எர்த்தைப் பிடித்தது அவன் மீட்டர். லைட்டைப் போட்டபடி, ஒரு முனை பேட்டரி நெகடிவ் கம்பத்தில், மறுமுனை ஹெட்லைட்டின் கறுப்பு வயரில் வைத்தான்: 1.4 வோல்ட். பாடி எர்த் போல்டுக்கு அடியில் உப்பு பூத்திருந்தது. சித்தப்பா இதைக் கண்டுபிடிக்க அரை நாள் செலவழித்திருப்பார்.

சரிசெய்வதில்தான் சண்டை. முன்பக்கம் இரண்டு ரிலே, தடித்த வயர், பேட்டரி அருகே ஃபியூஸ், ஒவ்வொரு லைட்டுக்கும் தனி எர்த் என்றேன். வண்டிக்காரர் முகம் சுருங்கியது. "ஒரிஜினலா இருக்கணும் மேஸ்திரி. ரேலியில பானெட்டைத் தூக்கிப் பார்ப்பாங்க." முன்பெல்லாம் வண்டி ஓடினால் போதும் என்பார்கள், இப்போது ஓடாவிட்டாலும் ஒரிஜினலாக இருந்தால் போதும். இந்த ரகக் கார்களுக்குப் பழைய நிற வரிசையிலேயே புது வயரிங் கிட் செய்து விற்பவர்கள் பிரிட்டனில் இன்றும் இருக்கிறார்கள். அதை வரவழைத்தோம். ரிலேயைக் கண்ணில் படாத இடத்தில் ஒளித்துவைத்தேன். பல்பு மறுபடி அறுபது வாட். வெள்ளித்தாளை மட்டும் ஞாபகார்த்தமாக அவர் கேட்டு வாங்கிக்கொண்டார்.

கடலோரத்தில் பழைய வண்டி வைத்திருப்பவர்கள் நிறுத்திவிட்டு ஊருக்குப் போகும்போது பேட்டரியின் எர்த் டெர்மினலைக் கழற்றிவிட்டுப் போங்கள். திரும்பிவந்து மாட்டியதும் லைட்டைப் போட்டு, தம்பி வைத்த அதே இரண்டு இடத்தில் மீட்டரை வையுங்கள். அரை வோல்ட்டுக்கு மேல் காட்டினால் அன்று ராத்திரி அதை எடுக்காதீர்கள். புதுச்சேரிக்கு பஸ் இருக்கிறது.