நாற்காலி கோப்பை

நாகூரைத் தாண்டினால் காரைக்காலின் கீழவாஞ்சூர், மாநிலமே மாறிவிடும். சந்தோஷ் டிராபி கால்பந்தில் அந்தப் பக்கத்துக்குத் தமிழ்நாடு அணி, இந்தப் பக்கத்துக்குப் புதுச்சேரி அணி. சாயங்காலம் இரண்டு ஊர்ப் பையன்களும் ஒரே மணலில் உதைக்கிற பந்துக்கு மட்டும் இருப்பிடச் சான்று தேவையில்லை.

1954இல் காரைக்காலை விட்டுக் கிளம்பிய பிரெஞ்சுக்காரர்கள் 1998, 2018 என இரண்டு உலகக் கோப்பை வாங்கிவிட்டார்கள். நாம் வாங்கியது சங்கத்தில் தலைவர், துணைத்தலைவர், கௌரவத் தலைவர், புரவலர் பதவிகள். ஆடுகிறவர்கள் 11 பேர். நோட்டீஸில் பெயர் வருகிறவர்கள் அதற்கும் மேல். தோற்றால் நடுவர் சரியில்லை. ஜெயித்தால் பொருளாளருக்குப் பொன்னாடை.

உள்ளூர்ச் சங்கத்தை மட்டும் சொல்லிப் பயனில்லை. அகில இந்தியக் கால்பந்துக் கூட்டமைப்பிலேயே தேர்தல் தள்ளிப்போய், உச்ச நீதிமன்றம் நிர்வாகக் குழுவை அமர்த்த, 2022 ஆகஸ்டில் ‘வெளியார் தலையீடு’ என்று ஃபிஃபா அதை இடைநீக்கம் செய்தது. தடை அம்மாதமே நீங்கியது. அதற்குள், அக்டோபரில் இங்கே நடக்கவிருந்த 17 வயதுக்குட்பட்ட பெண்கள் உலகக் கோப்பை ஆட்டம் கண்டுவிட்டது.

பிள்ளைகளுக்கு வயது பார்க்க எலும்பைக்கூடப் படமெடுக்கிறார்கள். நிர்வாகிகளுக்கும் ஒரு விதி வைக்கலாம்: 17 வயதுக்கு மேற்பட்டோர் கோப்பையோடு போட்டோ எடுத்துக்கொள்ளக் கூடாது.