வெடி வாங்கப் போற பேராண்டிக்கு

வாய்யா பேராண்டி! குருண் பாசார் மாலாம் பக்கம் காரோட பின்கதவத் தொறந்து வச்சிக்கிட்டு நின்னியாமே? உள்ள பொட்டி பொட்டியா வெடியாம். "தெரிஞ்ச ஆளு கொடுத்தாரு"ன்னு பெருமை வேற. போலீசு வந்தா அந்தத் தெரிஞ்ச ஆளு உன்னத் தெரியும்பானா?

நம்ம மலேசியாவுல வெடிபொருள் சட்டம் 1957-லயே வந்தாச்சு. அனுமதியில்லாம வச்சிருந்தா 10,000 வெள்ளி வரைக்கும் தண்டம், இல்ல 5 வருசம் வரைக்கும் ஜெயிலு, இல்ல ரெண்டும். ரொம்ப நாளா பாப்-பாப், ஹேப்பி பூம்ங்கற சின்ன வெடிங்கதான் கெதின்னு கெடந்தோம். 2023-லதான் போலீசு அனுமதியும் நகராண்மைக் கழக லைசென்சும் இருந்தா விக்கலாம்னு கதவத் தொறந்தாங்க. கதவே தொறந்து கெடக்கு, நீ ஏன்டா கூரையப் பிரிச்சிக்கிட்டு எறங்குற?

கேட்டா "நம்ம பண்பாடு தாத்தா"ங்குற. வெடிமருந்து சீனாவுல பொறந்த சரக்கு, தெரியுமா? பால்மரம் சீவுன உன் பாட்டன் தீவாளிக்கு எண்ணெ தேச்சுக் குளிச்சான், லயத்து வாசல்ல ஒரு கம்பி மத்தாப்பு கொளுத்தினான், முறுக்கக் கடிச்சான். அவனுக்குப் பண்பாடு பத்தாமயா போச்சு?

சரி, சிவகாசிக்காரனவிட நீ பெரிய வெடிக்காரனா? அவன் இருக்கற தமிழ்நாட்டுலயே 2018-லேர்ந்து தீவாளிக்குக் காலையில 6 மணிலேர்ந்து 7, சாயங்காலம் 7 மணிலேர்ந்து 8. அவ்ளோதான் நேரம். ரெண்டு மணி நேரந்தான்னு கெடு வச்சது உச்ச நீதிமன்றம். சிங்கப்பூர்க்காரன் 1972-லயே மொத்தமா மூடிட்டான். நீ மட்டும் ராத்திரி ரெண்டு மணிக்கு வானத்தக் கிழிக்கணுமோ? அதையாச்சும் அண்ணாந்து பாக்கறியா? போனத்தான பாக்குற! யாரு லைக் போட்டான்னு எண்ணுற. வெடிக்குன்னு வாங்குன கடன எப்ப எண்ணுவ?

1991 மே 7-ல சுங்கை பூலோவுல பட்டாசுத் தொழிற்சாலையே வெடிச்சுது. இருபது உசுருக்கு மேல போச்சு. தெனமும் மருந்தோட பழகுனவங்களுக்கே அந்தக் கெதி. நீ கட்டிலுக்கு அடியில அடுக்கி வச்சிட்டு அதுமேல படுத்துக் கொறட்ட விடுற. தெகிரியசாலிதான்!

வாங்கறதுன்னா லைசென்சு உள்ள கடையில வாங்கு. ஒரு வாளித் தண்ணிய பக்கத்துல வையி. அடுத்த ஊட்டுக் கைப்புள்ள தூங்கறதுக்குள்ள முடிச்சிரு. இன்னும் சத்தம் வேணும்னா உறுமிமேளம் கத்துக்க. அதுக்குப் பத்து வெரலும் வேணும்டா, பத்திரமா வச்சிக்க.