கண்ணுக்கு உத்தரவாதம்

காஞ்சிபுரம் மாவட்டத்தில் இரண்டு வகைக் கண்களுக்கு வேலை உண்டு. ஸ்ரீபெரும்புதூர், ஒரகடம் ஆலைகளில் ஒளி சென்சார்: ஒளிக்கற்றை மறைந்தால் சிக்னல் கொடுக்கும். அதற்கு உத்தரவாதம் உண்டு, பராமரிப்பு ஒப்பந்தம் உண்டு, கண்ணாடியைத் துடைத்துவிட ஆளும் உண்டு. பிள்ளையார்பாளையத்தில் நெசவாளியின் கண்: ஆயிரக்கணக்கான பாவு இழைகளில் ஒன்று அறுந்தாலும் கண்டுபிடித்து முடிச்சுப் போடவைக்கும். அதற்கு எப்போதாவது ஓர் இலவசக் கண் முகாம்.

நவீன விசைத்தறியில் இழை அறுந்தால் சென்சார் தறியை நிறுத்திவிடும். அதில் நெய்த சேலையே 'அசல் கைத்தறி' என்று கல்லாவைத் தாண்டும்போது எதுவும் நிற்பதில்லை. 1985-ஆம் ஆண்டின் கைத்தறி ஒதுக்கீட்டுச் சட்டத்துக்குப் பார்வை சற்று மங்கல். ஜரிகையில் வெள்ளி எவ்வளவு என்று எக்ஸ்ரே கருவி சட்டென்று சொல்லும். சேலை விலையில் நெய்தவருக்கு எவ்வளவு என்று சொல்லும் கருவிக்கு மட்டும் உலகச் சந்தையில் இன்னும் ஆர்டர் வரவில்லை.