கோலார் தங்கவயலில் ஜன்னல் துடைப்போரின் வாடிக்கையாளர்: தோற்றமும் வளர்ச்சியும்

தமிழில் ஆய்வேடு ஏறாத பொருள் அதிகமில்லை. விடுகதையில் உப்பு, பழமொழியில் மாமியார், பக்தி இலக்கியத்தில் பல்லி என்று எதற்கும் ‘தோற்றமும் வளர்ச்சியும்’ எழுதிக் கட்டி, பைண்டு செய்து, நூலகத்தில் தூசி படிய வைத்தாயிற்று. அந்தத் தூசியைத் துடைக்க ஒருவன் தொழில் தொடங்கினால் அவனுக்கு முதல் வாடிக்கையாளர் எங்கிருந்து வருவார் என்ற கேள்விதான் இன்னும் கேட்பாரற்றுக் கிடக்கிறது. அக்குறையைப் போக்குவதே இக்கட்டுரையின் நோக்கம்.

களம் கோலார் தங்கவயல்: ராபர்ட்சன்பேட்டை, ஆண்டர்சன்பேட்டை, ஊர்காம், சாம்பியன் ரீஃப், கோரமண்டல், மாரிகுப்பம். சுரங்கக் கழிவு குவிந்த சயனைடு மேட்டின் தூசி காற்றில் போய் விழும் தூரம் ஆய்வு எல்லையாகக் கொள்ளப்பட்டது. காற்று பலமாக அடிக்கும் நாளில் எல்லை தானே விரியும், ஆய்வாளர் பொறுப்பல்ல. முதன்மைத் தகவலாளி ஒரு தம்பி. பி.காம். முடித்தவர். பெங்களூரில் கண்ணாடிக் கட்டடங்களில் கயிற்றில் தொங்கித் துடைத்துக்கொண்டிருந்தவர், ரயிலில் போய் வந்து அலுத்து, ஊரிலேயே சொந்தத் தொழில் தொடங்கினார். முதலீடு: ஒரு டூவீலர், அலுமினிய ஏணி, வாளி, ரப்பர் வைப்பர், பெட்டி நிறைய விசிட்டிங் கார்டு. ஆய்வு அறத்தின்படி பெயர் மறைக்கப்படுகிறது. ஏணியோடு டூவீலரில் போகிறவர் யார் என்று ஊருக்கே தெரியும் என்பது வேறு விஷயம்.

இத்துறையில் நிலவிவரும் பழைய கொள்கையை முதலில் பார்த்துவிடுவோம். அது டீக்கடைக் கொள்கை: ‘தூசி இருக்கிற ஊரில் துடைக்கிறவனுக்குப் பஞ்சமில்லை.’ தம்பி தொழிலில் இறங்கியதும் இதை நம்பித்தான். கொள்கை சரியென்றால் உலகத்து ஜன்னல் துடைப்போரெல்லாம் மாரிகுப்பம் ஸ்டேஷனில் வந்து இறங்கியிருக்க வேண்டும். ஏனென்றால் தங்கவயல் அளவுக்குத் தூசியைத் திட்டமிட்டு உற்பத்தி செய்த ஊர்கள் குறைவு. 1880இல் ஜான் டெய்லர் அண்ட் சன்ஸ் என்ற ஆங்கிலேயச் சுரங்க நிறுவனம் வந்ததிலிருந்து 2001 பிப்ரவரி 28 அன்று சுரங்கம் மூடப்படும் வரை, பாறையை வெட்டி மேலே கொண்டுவந்து, மாவாக அரைத்து, தங்கத்தை (பின்னாளில் சயனைடு கரைசலில்) பிரித்துவிட்டு மிச்சத்தைக் கொட்டிக்கொண்டே இருந்தார்கள். தங்கம் சுமார் 800 டன் கிடைத்தது, அது போய்விட்டது. கொட்டியது மூன்று கோடி டன்னுக்கு மேல். அது இங்கேயே இருக்கிறது. சினிமாக்காரர்கள் அந்த மேடுகளைப் பாலைவனமாக்கிப் பாட்டு எடுத்தார்கள். ஆடிக் காற்று அதையே கொஞ்சம் கொஞ்சமாக எடுத்து வீடு வீடாகப் பட்டுவாடா செய்கிறது.

ஆனால் தம்பியின் போன் அடிக்கவில்லை. கார்டு வாங்கியவர்கள் பத்திரமாக வைத்துக்கொண்டார்கள். ஒரு வீட்டில் அதை மடித்து, ஆடும் ஜன்னல் கதவுக்கு அண்டைகொடுத்திருந்தது களப்பணியில் கண்டறியப்பட்டது. தூசிக் கொள்கை எங்கே பிசகியது? காற்று அடித்தால் ஊர் ஜன்னலைச் சாத்திவிடுகிறது.  சாத்திய ஜன்னலின் வெளிப்பக்கம் வீட்டுக்காரரின் பார்வையில் படாது. படாத அழுக்குக்கு யாரும் பணம் கொடுப்பதில்லை.

வாடிக்கையாளர் இல்லாமல் போனதற்கு ஒரு வரலாற்றுக் காரணமும் உண்டு, அதைக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும். இங்கிலாந்தில் 1696 முதல் 1851 வரை ஜன்னலுக்கு வரி இருந்தது. வரிக்குப் பயந்து பலர் ஜன்னலைச் செங்கல் வைத்து அடைத்தார்கள். அந்த நாட்டிலிருந்து, வரி ஒழிந்து சுமார் முப்பது ஆண்டு கழித்து இங்கே வந்த துரைமார், பங்களாக்களுக்குத் தாராளமாக ஜன்னல் வைத்துக் கட்டினார்கள். தொழிலாளிகளுக்குக் கிடைத்தது மூங்கில் தட்டி வைத்த ஓர் அறை. அதில் கண்ணாடி ஜன்னல் என்ற பேச்சுக்கே இடமில்லை. காற்றும் குளிரும் தட்டி வழியாகவே வந்து போயின. ஆக, ஜன்னல் இருந்த வீட்டில் துடைக்க பட்லரும் ஆயாவும் இருந்தார்கள், சம்பளத்தோடு சேர்ந்த வேலை. துடைக்க ஆள் இல்லாத வீட்டில் ஜன்னலே இல்லை. நடுவில் நிற்க வேண்டிய அந்த ஒரு ஜீவன், அதாவது ஜன்னலும் உண்டு, ஆள் இல்லை, கையில் காசும் உண்டு என்கிற வாடிக்கையாளர், இந்த மண்ணில் தோன்றவே வாய்ப்பில்லாமல் போயிற்று. 1902இல் சிவனசமுத்திரத்திலிருந்து மின்சாரம் வந்தது. பெங்களூருக்கே 1905இல்தான் கிடைத்தது. நாட்டுக்கு முன்னோடியாக விளக்கு எரிந்த ஊரில் ஜன்னல் துடைப்பதை ஒரு தொழிலாக நினைத்துப் பார்க்க இன்னொரு நூற்றாண்டு போதவில்லை.

அறிவியலாளர்களும் இதைக் கவனிக்கவில்லை என்பதை வருத்தத்தோடு பதிவு செய்கிறேன். 1965இல் டாடா அடிப்படை ஆராய்ச்சி நிறுவனத்தாரும், ஒசாகா நகரப் பல்கலைக்கழகத்தாரும், டர்ஹாம் பல்கலைக்கழகத்தாரும் இங்கே பூமிக்கடியில் சுமார் 2.3 கிலோமீட்டர் ஆழத்தில் கருவிகளை வைத்து, காற்றுமண்டலத்தில் உண்டாகும் நியூட்ரினோவைக் கண்டார்கள். எதிலும் ஒட்டாமல் உலகத்தையே ஊடுருவிப் போகிற துகளுக்கு மூன்று நாட்டு நிபுணர்கள். கண்டதிலெல்லாம் ஒட்டிக்கொள்கிற துகளுக்கு நான் ஒருவன்; அதுவும் மாடிப்படி வரைக்கும்தான் ஏறினேன்.

இனி களப்பணி. இப்போது ஊரில் ஜன்னலுக்குக் குறைவில்லை. மாரிகுப்பத்தில் விடிவதற்கு முன் ரயில் ஏறி, பங்காரப்பேட்டை, மாலூர் தாண்டி ஒயிட்ஃபீல்டிலும் கே.ஆர்.புரத்திலும் இறங்கி, இருட்டின பிறகு திரும்பி வருகிறவர்களின் சம்பளத்தில் எழுந்த வீடுகள் அவை. வாசலில் கிரானைட், மாடியில் அலுமினிய ஸ்லைடிங், படிக்கட்டுப் பக்கம் ஆள் உயரத்துக்கு நீலக் கண்ணாடி. கண்ணாடி போட்டவர் பகலில் வீட்டில் இருப்பதே இல்லை. இருக்கிறவரோடு தம்பி நடத்திய முதல் பேச்சுவார்த்தை ஆவணமாக இங்கே தரப்படுகிறது.

“இன்னாப்பா, ஜன்னலு தொடைக்கத் துட்டா? எங்க வூட்ல பழைய பேப்பர் இல்லியா?”

“பேப்பர்ல தொடைச்சா கோடு வுழும்மா.”

“வுழுந்தா வுழுட்டும். ஜன்னல்ல எவன் படிக்கப் போறான்?”

பதில் சொல்ல முடியாத வாதம் என்று ஒப்புக்கொள்ள வேண்டும். ஆனால் தம்பி சொன்னதில் அறிவியல் இருக்கிறது. சயனைடு மேட்டுத் தூசி சாதாரணப் புழுதி அல்ல. தங்கம் இருந்த குவார்ட்ஸ் பாறையும் அதைச் சுற்றிய கருங்கல்லும் அரைபட்ட மாவு. மோஸ் அளவுகோலில் குவார்ட்ஸின் கடினம் 7. ஜன்னல் கண்ணாடி ஐந்தரை அளவில் நிற்கும். அந்த மாவின் மேல் உலர்ந்த பேப்பரை வைத்து அழுத்தித் தேய்ப்பது உப்புத்தாளால் தேய்ப்பதுதான். இதே கல்தூசி சுரங்கத்துக்குள் தொழிலாளிகளின் நுரையீரலை என்ன செய்தது என்று இந்த ஊரில் யாருக்கும் சொல்லித் தர வேண்டியதில்லை. கண்ணாடி இருமாது, அதனால் புகாரும் வராது.

முறையாகச் செய்வதென்றால் முதலில் தண்ணீர் விட்டுத் தூசியைக் கழுவி இறக்க வேண்டும். பிறகு சோப்புத் தண்ணீர், பிறகு மேலிருந்து கீழாக வைப்பர். வெயில் ஏறிய கண்ணாடியில் சோப்பு உடனே காய்ந்து கறையாகும் என்பதால் காலையிலேயே முடித்துவிட வேண்டும். உள்பக்கம் குறுக்காகவும் வெளிப்பக்கம் நெடுக்காகவும் இழுத்தால், மிஞ்சிய கோடு எந்தப் பக்கத்தது என்று உடனே தெரியும். போர்வெல் தண்ணீரில் கழுவினால் காய்ந்ததும் உப்பு வெள்ளை வெள்ளையாகப் பூக்கும். கடைசிக் கழுவலுக்கு ஆர்.ஓ. தண்ணீர் நல்லது. குடத்தோடு வரிசையில் நிற்கும் ஜனங்களுக்கு நடுவே ஆர்.ஓ. கேனைப் பிடித்து, “ஜன்னலுக்கு” என்று சொல்ல மட்டும் கோலார் மாவட்டத்தில் யாருக்கும் துணிச்சல் வராது. தம்பி “வூட்டுக்கு” என்கிறார். யார் வீட்டுக்கு என்று அவர் சொல்வதில்லை.

வாடிக்கையாளரைப் பிடிக்க அவர் கையாண்ட இரண்டாவது வழி, ஒரே ஒரு கண்ணாடியை இலவசமாகத் துடைத்துக் காட்டுவது. மேல்நாட்டு முன்னுதாரணம் இதற்கு உண்டு. இன்று உலகெங்கும் ஜன்னல் துடைப்பவர் கையில் இருக்கும் ஒற்றை ரப்பர் வைப்பருக்கு 1936இல் காப்புரிமை பெற்றவர் எத்தோரே ஸ்தெக்கோனே என்ற இத்தாலியர்; கலிபோர்னியாவில் ஜன்னல் துடைத்துப் பிழைத்தவர். கடைக்காரர்கள் அதைச் சீண்டாதபோது, துடைக்கும் ஆட்களிடமே இலவசமாகக் கொடுத்துப் பழக்கி, அவர்களைவிட்டே கடையில் கேட்க வைத்தார் என்று அந்தத் தொழிலில் கதை சொல்வார்கள். தம்பியும் அப்படியே செய்தார். கீழ்க்கண்ணாடி ஒன்று பளபளத்தது. மற்றவை தம் அழுக்கை முதன்முறையாகக் காட்டின. வீட்டம்மா திகைத்துப் பார்த்தார், நன்றி சொன்னார், காபி கொடுத்தார். சாயங்காலத்துக்குள் மீதிக் கண்ணாடிகளை அவரே துடைத்து முடித்துவிட்டார், தம்பி காட்டிய முறைப்படியே, தண்ணீர் விட்டு. அடுத்த வாரம் பக்கத்து வீட்டுக்கும் போய்ச் சொல்லிக்கொடுத்தார். மாதிரிக் கண்ணாடி வாடிக்கையாளரை உண்டாக்குவதில்லை, போட்டியாளரை உண்டாக்குகிறது என்பது இதனால் நிறுவப்பட்டது. திருத்திய விதி: இலவசக் கண்ணாடி எப்போதும் ஏணிக்கு மட்டும் எட்டும் உயரத்தில் இருக்க வேண்டும். இக்கட்டுரையில் காசு பெறக்கூடிய வாக்கியம் இது ஒன்றுதான், தொழில்முனைவோர் அடிக்கோடிட்டுக்கொள்ளலாம்.

போன் கடைசியில் அடித்தது. அதை வைத்துத்தான் நான் என் கொள்கையைக் கட்டினேன்.

“ஞாயித்துக்கெழம மாப்ள வூட்லேர்ந்து பொண்ணு பாக்க வர்றாங்க. முன்பக்கத்து ஜன்னலு மட்டும் போதும் தம்பி.”

முன்பக்கம் மட்டும்! பின்பக்கத்து ஜன்னல் வழியாகத்தான் அந்தக் குடும்பம் அன்றாடம் வானத்தையும் கொடியில் காயும் துணியையும் பார்க்கிறது. அது அப்படியே இருக்கலாம். அடுத்த அழைப்பு கிரகப்பிரவேசத்துக்கு. அதற்கடுத்தது டிசம்பரில், துபாயிலிருந்து கிறிஸ்துமஸுக்கு வரும் மகனுக்காக. பொங்கலுக்கு முந்தின வாரம் மூன்று தெருக்களிலிருந்து ஒரே நாளில் கூப்பிட்டார்கள். வெள்ளையடித்தவர் கண்ணாடியில் தெளித்துவிட்டுப் போன சுண்ணாம்பைச் சுரண்ட. ஆகவே: மனிதன் வெளியே பார்ப்பதற்காக ஜன்னலைத் துடைப்பதில்லை. வெளியிலிருந்து வருகிறவர் பார்ப்பதற்காகத் துடைக்கிறான். வாடிக்கையாளரைத் தேடுகிறவன் தூசியைப் பின்தொடர்வது வீண். விருந்தாளியைப் பின்தொடர வேண்டும். கல்யாணப் புரோக்கர், சமையல்காரர், பந்தல்காரர் ஆகிய மூவரிடம் கார்டு கொடுத்தால் போதும்; தெருவெங்கும் கொடுப்பது அச்சகத்துக்குச் செய்யும் தர்மம்.

நல்ல கொள்கை புதியதை முன்கூட்டிச் சொல்ல வேண்டும் என்பார்கள். விருந்தாளிக் கொள்கைப்படி, தினமும் விருந்தாளி வருகிற இடமே நிரந்தர வாடிக்கையாளர் ஆக வேண்டும். அப்படிப்பட்ட இடம் கடை. ராபர்ட்சன்பேட்டைக் கடைத்தெருவில் சோதித்தோம். துணிக்கடையில் கடைப் பையன் ஏற்கனவே பழைய பேப்பரோடு நின்றான். செல்போன் கடைக்காரர் கண்ணாடி முழுக்க விளம்பரம் ஒட்டியிருந்ததால் துடைக்கக் கண்ணாடியே இல்லை. நகைக்கடையில் பலித்தது, மாதக் கணக்கு, வாரம் ஒரு தரம், கடை திறக்கும் முன். காலடியில் மூன்று கிலோமீட்டருக்கும் கீழே வரை போய் அள்ளித் தீர்த்த ஊரில் தங்கம் இப்போது வெளியூரிலிருந்து வந்து கண்ணாடிக்குப் பின்னால் உட்கார்ந்திருக்கிறது. அது மங்கலாகத் தெரிந்தால் கடைக்காரருக்குப் பொறுக்காது. துடைக்கும்போது தூசி சயனைடு மேட்டிலிருந்துதான் வருகிறது என்று தம்பி அவரிடம் சொல்லிவைத்திருக்கிறார். அந்த மேட்டில் இன்னும் கொஞ்சம் தங்கம் மிச்சம் இருப்பதும் எல்லாருக்கும் தெரியும். கழுவிய தண்ணீரை முதலாளி என்ன செய்கிறார் என்பது தனி ஆய்வுக்குரியது.

பெங்களூர் வாடிக்கையாளரைப் பற்றிச் சில சொற்கள். தம்பி முன்பு துடைத்த கட்டடங்களில் வாடிக்கையாளர் யார் என்று அவருக்குக் கடைசிவரை தெரியாது. கட்டடம் ஒருவருடையது, பராமரிப்பு இன்னொருவருடையது, ஒப்பந்தம் மூன்றாமவர் பெயரில். கயிறு மட்டும் இவர் இடுப்பில். உள்ளே இருக்கிறவர்கள் திரைச்சீலையை இழுத்துவிட்டு வேலை பார்ப்பார்களாம். தாத்தா சாம்பியன் ரீஃப் ஷாஃப்டில் கூண்டில் இறங்கினார், பேரன் ஒயிட்ஃபீல்டில் கயிற்றில் இறங்கினார். இருவரையும் மேலேயிருந்து இறக்கிவிட்டவர் முகத்தை இருவருமே பார்த்ததில்லை. ஊரிலே குறைந்தபட்சம், துட்டு கொடுக்க மாட்டேன் என்று சொல்கிற முகமாவது நேரில் தெரிகிறது.

தங்கவயல் வாசகர்களுக்கு ஆய்வாளரின் வேண்டுகோள்: ஆடி பிறந்ததும் தயவுசெய்து ஜன்னலை உலர்ந்த பேப்பரால் தேய்க்காதீர்கள், முதலில் ஒரு சொம்புத் தண்ணீர் விடுங்கள். மேல் கண்ணாடி எட்டவில்லை என்றால் ஸ்டூல் மேல் ஸ்டூல் போட்டு ஏறாமல் தம்பியைக் கூப்பிடுங்கள்; கார்டு உங்கள் வீட்டு ஜன்னலில்தான் எங்காவது அண்டைகொடுத்திருக்கும்.